பத்து நிமிடம், பூஜ்யம், பூஜ்யம்

போன மாதம் எனக்கு விடை கொடுத்தார்கள். கேக் வெட்டிய கையோடு அலுவலகத்துச் சின்னவர்கள் சூழ்ந்துகொண்டு, பதினெட்டு வருடமாக மொபைல் விளையாட்டுகளை இயக்கும் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறீர்களே அங்கிள், உங்களை இத்தனை காலம் ஓட வைத்தது எது என்று கேட்டார்கள். விடாமுயற்சி என்று சொல்லிவிட்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டேன். கைதட்டினார்கள். அத்தனையும் புளுகு. என்னை ஓட வைத்தது பொறாமை. அதுவும் ஒரே ஓர் ஆள் மீது, ஒரே ஒரு பொருளுக்காக. அந்தப் பொருள் கறுப்பு பிளாஸ்டிக்கில் செய்த ஒரு ஸ்டாப்வாட்ச். கழுத்தில் மாட்டிக்கொள்ள நீலக் கயிறு, அதுவும் அழுக்கேறிப் போனது. தெருவில் கிடந்தால் குனிந்து எடுக்க மாட்டீர்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் சம்பத். அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து தெலுங்கு நாட்டுக்கு வந்து ராமச்சந்திராபுரம் ஃபாக்டரியில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தவர். நானும் ஃபாக்டரிக்குப் போவேன் என்று அவர் நினைத்தார், போகவில்லை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் கழித்தேன். மாத்திரை எந்திரம் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கணினியில் ஏற்றும் வேலை. சலித்துப்போய், நாற்பது வயதில் மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிச் சீருடைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த விளையாட்டுக் கம்பெனியில் சேர்ந்தேன். என்னைச் சேர்த்து ஏழு பேர். சாரதா, என் மனைவி, இந்த வயதில் விளையாடப் போகிறீர்களா என்று கேட்டாள்.

கம்பெனியை நடத்தியவர் கலீல் சாப். ஊரின் பழைய நகரப் பகுதிக்காரர், உருது பேசுபவர், ஒல்லி, சத்தமாகப் பேசியே நான் கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார், திட்டும்போதுகூட. டீயை வாங்கி வைத்து ஆறவிட்டுக் குடிப்பார். கல்லூரிக் காலத்தில் ஓட்டப் பந்தயங்களில் நேரம் குறிப்பவராக இருந்தாராம். அந்த ஸ்டாப்வாட்ச் அந்தக் காலத்தது.

நான் எழுதிய முதல் டைமர் இப்படி மாட்டிக்கொண்டது. பிரியாணிக் கடை விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருந்தோம். தம் போட்ட பாத்திரத்தை நாற்பது விநாடியில் இறக்க வேண்டும். முன்னே இறக்கினால் அரிசி வேகாது, பின்னே என்றால் அடிபிடிக்கும். போனின் திரை விநாடிக்கு முப்பது தடவை புதிதாக வரையப்படுகிறது என்று நம்பி, ஆயிரத்து இருநூறு தடவை வரைந்தால் நாற்பது விநாடி என்று எழுதிவிட்டேன். என் போனில் கச்சிதமாக இருந்தது. கலீல் சாப் தன்னுடைய புதுப் போனில் போட்டார். அது விநாடிக்கு அறுபது தடவை வரையும் போன். இருபது விநாடியில் தம் உடைந்தது. அவர் ஸ்டாப்வாட்ச்சைக் கழற்றி என் மேஜையில் வைத்தார். வரைவதை எண்ணாதீர்கள், கழிந்த நேரத்தைக் கேளுங்கள் என்றார். அதன்பின் பாத்திரம் அடுப்பில் ஏறிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழிக்கும்படி மாற்றினேன். எல்லாப் போனிலும் நாற்பது வந்தது.

அன்றைக்கு ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்தினார். ஒவ்வொரு டைமரையும் மூன்று போனில் கையால் அளக்க வேண்டும்: சந்தையில் கிடைப்பதிலேயே மலிவானது, நடுவாந்தரமானது, விலை உயர்ந்தது. டைமரை எழுதியவர் ஸ்டாப்வாட்ச்சைத் தொடக் கூடாது, வேறொருவர்தான் அளக்க வேண்டும். அளப்பவர் திரையில் ஓடும் எண்ணைப் பார்க்கக் கூடாது, மூடி திறப்பதைத்தான் பார்க்க வேண்டும். இடது கட்டைவிரல் போனில், வலது கட்டைவிரல் வாட்ச்சில். நிறுத்தியதும் வாட்ச்சில் இருப்பதை நூறில் ஒரு பங்கு விநாடி வரை தாளில் எழுதிவிட்டு அப்புறம்தான் வாட்ச்சை அழித்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். கடைசியில் கையெழுத்து. என்னுடைய டைமர்களை அவரே அளந்தார். மற்ற எல்லோருடையதையும் அளக்கும்படி வாட்ச்சை என்னிடம் கொடுத்தார், இரண்டு கையாலும். கலீல் சாப் யாரையும் வாயால் பாராட்டியதில்லை. அந்த வாட்ச் கைக்கு வந்தால் அதுதான் பாராட்டு. ஐந்து வருடம் அது என் கழுத்தில் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டே டீ குடிக்கப் போவேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வருடம் கல்பனா வந்தாள். கோபிச்செட்டிபாளையத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். சம்பத்ணா, சம்பத்ணா என்று வாய்நிறையக் கூப்பிடுவாள். தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று முதல் வாரம் எனக்கும் வாயெல்லாம் பல். இரண்டாவது வாரத்தில் அது போயிற்று.

என் தம் டைமரில் ஒரு தீராத கோளாறு இருந்தது. விளையாடும்போது போனில் அழைப்பு வந்து, ஆள் இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினால் பிரியாணி கருகியிருக்கும். நான்தான் இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழிக்கிறேனே, பேசிய நேரமும் அதில் சேர்ந்துவிடும். விளையாடுபவர்கள் திட்டித் திட்டி எழுதினார்கள். நானும் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஒரு வருடம் ஓட்டினேன். கல்பனா ஒரே காலையில் அதைத் தீர்த்தாள். தொடங்கிய நேரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், திரை ஒவ்வொரு முறை வரையப்படும்போதும் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையில் கழிந்த துளி நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகலாம், அழைப்பு வந்தால் கூட்டுவதை நிறுத்திவிடலாம் என்றாள். நாலே வரி. பார்த்தவுடன் சரி என்று தெரிந்தது. இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வயிறு எரிந்தது.

மறுநாள் கலீல் சாப் என் மேஜைக்கு வந்து, கொஞ்சம் வாட்ச் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். நேரே கல்பனாவிடம் போய் இரண்டு கையாலும் நீட்டினார். இனி மற்றவர்களுடையதை அவள் அளப்பாள், அவள் எழுதுவதை மட்டும் நான் அளக்கலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதிலிருந்து நான் நானாக இல்லை. அவள் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாளோ என்று தோன்றும். அவள் டிபன் டப்பாவைத் திறந்து எனக்கு நீட்டுவாள், பசித்தாலும் வேண்டாம் என்பேன். கலீல் சாப் அவளிடம் இரண்டு வார்த்தை அதிகம் பேசினால் எண்ணுவேன். வீட்டிலும் அதே பேச்சு. ஒருநாள் சாரதா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் பிள்ள பேர எடுக்காம ஒங்களுக்குச் சோறு எறங்காதோ?” என்று கேட்டாள். அன்றைக்கு உண்மையாகவே இறங்கவில்லை.

இப்போது சொல்லப்போவதை இதுவரை சாரதாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

பிரியாணிக் கடையில் இருவர் போட்டி போடும்படி ஒரு புதிய ஆட்டம் சேர்த்தோம். ஆளுக்கொரு போன், ஒரே நேரத்தில் தொடங்கி, பத்து நிமிடத்துக்குள் யார் அதிகத் தட்டு பரிமாறுகிறார்கள் என்பதுதான் போட்டி. வெளிநாட்டு வெளியீட்டுக் கம்பெனி ஒன்று அதை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆட்டம் நேர்மையாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அது போய்விட்டால் கம்பெனிக்கு அந்த வருடம் வேறு பிழைப்பு கிடையாது. டைமர் கல்பனாவுடையது. இது நல்லபடியாக முடிந்தால் ஸ்கிரிப்ட் பிரிவுக்கு அவளைத் தலைவியாக்கப் போவதாகக் கலீல் சாப் என்னிடமே சொன்னார். உங்களுக்கு வருத்தமில்லையே என்றும் கேட்டார். எனக்கென்ன சார் வருத்தம் என்றேன். அந்த வாய் எப்படி வேகாமல் போயிற்று என்று தெரியவில்லை.

அவள் எழுதியதைப் படித்துப் பார்க்கும்போது ஒரு வரியில் என் கண் நின்றது. துளித்துளியாகக் கூட்டி ஒரு விநாடி நிரம்பியதும் ஆட்ட நேரத்தில் ஒன்றைக் குறைத்துவிட்டு, கூட்டியதைப் பூஜ்யம் ஆக்கியிருந்தாள். ஆனால் துளிகள் சரியாக ஒரு விநாடியில் போய் நிற்பதில்லை. ஒன்றுக்கு மேல் நூறில் இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று கொஞ்சம் தாண்டித்தான் நிற்கும். உழக்கில் பால் அளக்கும்போது வழிந்ததை அடுத்த உழக்கில் சேர்க்காமல் தரையில் கொட்டுவது போன்றது இது. பூஜ்யம் ஆக்கக் கூடாது, ஒன்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டும். தம் டைமரில் அவளுக்கு இது தெரியவில்லை, ஏனென்றால் அது ஒரே ஒரு தடவைதான் நிரம்பும். இதுவோ பத்து நிமிடத்தில் அறுநூறு தடவை நிரம்புகிறது. திரையை மெதுவாக வரையும் மலிவுப் போனில் ஒவ்வொரு தடவையும் அதிகம் கொட்டும்.

அவள் எழுதியது என்பதால் அளப்பவன் நான். வாட்ச் சில நாளைக்கு என் கைக்குத் திரும்பி வந்தது. அளந்தேன். விலை உயர்ந்த போனில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒன்றரை விநாடி. நடுவாந்தரத்தில் நாலு. மலிவில் பன்னிரண்டு. பன்னிரண்டு விநாடியில் இரண்டு தட்டு கூடுதலாகப் பரிமாறிவிடலாம். மலிவுப் போன் வைத்திருப்பவன்தான் ஜெயிப்பான்.

நாலு எட்டு வைத்தால் அவள் மேஜை. போய்ச் சொல்லியிருந்தால் ஒரு வரி மாற்றம், ஐந்து நிமிட வேலை. நான் போகவில்லை. வருகிறவர்கள் முன்னால் இவள் விழட்டும், கலீல் சாப் தன் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கம்பெனியின் பிழைப்பு என்ன ஆகும் என்பது அந்த நிமிடம் மனதிலேயே இல்லை. தாளை எடுத்து மூன்று போனுக்கும் நேராகப் பத்து நிமிடம், பூஜ்யம் விநாடி, நூறின் பங்கும் பூஜ்யம் என்று மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாட்ச்சை அழித்தேன்.

வெளியீட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். மேஜையில் இரண்டு போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விலை உயர்ந்ததைத் தானும் மலிவானதைத் தன் உதவியாளரும் எடுத்துக்கொண்டு ஆடினார்கள். பத்து நிமிடம் முடிந்து அம்மாளின் போனில் கடை ஷட்டர் இறங்கியது. பக்கத்துப் போனில் கடை நடந்துகொண்டே இருந்தது. அவர் சிரித்துவிட்டு, இவர் இன்னும் பரிமாறிக்கொண்டிருக்கிறாரே என்றார். இன்னொரு தட்டு போயிற்று. அதற்கப்புறம் இன்னொன்று. அந்தப் பத்துப் பன்னிரண்டு விநாடியை நான் எவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்திருந்தேன். வந்தபோது கல்பனாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவள் எழுந்து நின்றாள். டைமர் என்னுடையது, தவறும் என்னுடையது, ஒரு வாரம் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பதில் வரும்வரை உட்காரவில்லை. அந்த அம்மாள் ஒரு வாரம் கொடுத்தார்.

அவர்கள் போனதும் கலீல் சாப் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் நான் கையெழுத்திட்ட தாள். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனிதன் கட்டைவிரலால் அளந்தால் எண் ஒருபோதும் இவ்வளவு சுத்தமாக வராது, ஒன்று முன்னே அமுக்குவான், ஒன்று பின்னே அமுக்குவான், மூன்று தடவையும் பூஜ்யம் வந்த ஆளை எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை என்றார். பொய் எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதிய பொய், தானாகவே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“ஹாத் சே நாபே, கி தில் சே?”

கையால் அளந்தீர்களா, மனதால் அளந்தீர்களா என்று கேட்கிறார். வாட்ச்சை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

மாடிப்படியில் கல்பனா நின்றிருந்தாள். கீழே கடையில் யாரோ பையனுக்கு அரைக்கால் சட்டை அளவு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்ணா, நீங்க அளக்கவே இல்லீங்களா?”

“அளந்தேன். பன்னெண்டு செகண்ட் வந்துச்சு.”

“அப்பறம் ஏனுங்ணா அப்படி எழுதுனீங்க?”

“நீ விழணும்னுதான்.”

வேறு என்ன சொல்வது? அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“எங்கிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா, சம்பத்ணாதான் கண்டுபுடிச்சாருன்னு நானே சார்கிட்டச் சொல்லியிருப்பனுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் நான் ராஜினாமாக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன். கலீல் சாப் அறையில் பேச்சு கேட்டது. திருத்திவிட்டேன், சம்பத்ணா அளக்கட்டும் என்று கல்பனா இந்தியில் சொல்கிறாள். அவர் நக்கோ, வேண்டாம் என்கிறார். அவள் விடவில்லை. எழுதினது நான், அதனால் நான் அளக்க முடியாது. மற்றவர்களுக்குக் கை நிதானம் போதாது. அவர்தான் அந்தத் தவறை முதலிலேயே பார்த்தவர், அவரே அளந்தால்தான் எனக்கு நம்பிக்கை என்றாள். பிறகு வாட்ச் வந்தது. கலீல் சாப் ஒரு கையால்தான் கொடுத்தார்.

அன்று காலை முழுக்க அளந்தேன். ஒரு போனுக்கு ஆறு தடவை என்று பதினெட்டுத் தடவை. பத்து நிமிடத்துக்கு மேல் நூறில் பதினெட்டு, பத்து நிமிடத்துக்குக் குறைய நூறில் பதின்மூன்று, மறுபடி மேலே இருபத்திரண்டு என்று தாள் முழுக்க அசிங்கமான எண்கள். கலீல் சாப் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆட்டம் வெளிநாட்டுக்குப் போயிற்று. கல்பனா பிரிவுத் தலைவி ஆனாள். கடிதம் என் பையிலேயே கிடந்து நைந்துபோயிற்று.

இத்தோடு நான் திருந்தி நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பொறாமை போகவில்லை, இரட்டிப்பாயிற்று. முன்பு அவள் மூளையைப் பார்த்து எரிந்தேன். இப்போது அவள் குணத்தையும் சேர்த்துப் பார்த்து எரிந்தேன். அவள் ஒரு தடவையாவது குத்திக்காட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். காட்டவே இல்லை. அவள் எழுதிய ஒவ்வொரு டைமரையும் என்னிடமே கொடுத்தாள். நானும் ஒரு பங்குகூடக் கூட்டிக் குறைத்து எழுதியதில்லை. எங்காவது தப்பு கிடைக்காதா என்று அவ்வளவு கவனமாகத் தேடுவேன். கிடைத்தால் ஓடிப்போய்ச் சொல்வேன். அவள் எல்லோர் முன்னாலும், இது சம்பத்ணா கண்டுபிடித்தது என்று சொல்வாள். எனக்கு இன்னும் எரியும்.

கலீல் சாப் ஓய்வு பெற்ற நாளில் அந்த வாட்ச்சை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார், இரண்டு கையாலும். நான் இரண்டாவது வரிசையில் நின்று கைதட்டினேன். உள்ளங்கை சிவக்கும்வரை தட்டினேன், யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாதே.

கம்பெனி இப்போது நகரின் மேற்கே கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது. சின்னவர்கள் ஒரே வரியில் டைமர் எழுதிவிடுகிறார்கள், துளிகளைக் கூட்டுவதும் மிச்சத்தை வைத்துக்கொள்வதும் உள்ளேயே நடந்துவிடுகிறது. சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதும் எந்திரம்தான். ஆனாலும் ஒவ்வோர் ஆட்டமும் வெளியே போகும் முன் ஒரே ஒரு தடவை கையால் அளக்க வேண்டும் என்று கல்பனா வைத்திருக்கிறாள். கடைசி நாளில் கேக்குக்கு முன்னால் அவள் என்னைக் கூப்பிட்டாள். புதிய ஆட்டம் ஒன்றுக்குப் பத்து நிமிடச் சுற்று, டைமரை வெகுநாள் கழித்து அவளே எழுதியிருந்தாள். இழுப்பறையிலிருந்து வாட்ச்சை எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை அவளும் இரண்டு கையால் கொடுத்ததைக் கவனித்தேன்.

இதை எனக்கே கொடுத்துவிடுவாளோ என்று ஒரு நப்பாசை. அதோடுதான் உட்கார்ந்தேன். இடது கட்டைவிரல் போனில், வலது கட்டைவிரல் வாட்ச்சில். பத்து நிமிடம் கழித்து ஷட்டர் இறங்கியது, அமுக்கினேன். வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தேன்.

பத்து நிமிடம், பூஜ்யம், பூஜ்யம்.

பதினெட்டு வருடத்தில் என் கைக்கு ஒருநாளும் வராத எண் அது. ஒரே ஒரு தாளில், வராமலே மூன்று தடவை எழுதிய எண். நூறில் பதினான்கு என்று எழுதிவிடலாமா என்று நினைத்தேன், அதுதான் உண்மை மாதிரி இருக்கும். அப்புறம் முதலில் எழுது, பிறகு அழி என்ற பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. வாட்ச்சில் இருந்ததை அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். வாட்ச்சை அழிக்கவில்லை. தாளையும் வாட்ச்சையும் சேர்த்து அவள் மேஜையில் வைத்தேன்.

அவள் தாளைப் பார்த்தாள். அந்த எண்ணில் அவள் கண் ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். மறந்திருக்கவில்லை. பேனாவை எடுத்தாள்.

“வாட்ச்ச ஒரு தடவ பாத்துரும்மா” என்றேன்.

“வேண்டாமுங்ணா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். வாட்ச்சைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பொத்தானை அமுக்கி அழித்து, இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். அப்புறம் கேக் வெட்டப் போனோம்.

எனக்குச் சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். ஹாலில் மாட்டியிருக்கிறது. அந்த ஸ்டாப்வாட்ச் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. அதைக்கூட விட்டுவிடுவேன். என்னைப் போன்ற ஒருவன் எழுதிய பூஜ்யத்தை, பார்க்காமலே நம்பிக் கையெழுத்துப் போட அவளால் முடிகிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாட்ச்சைத் திருப்பிப் பார்த்திருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.